வண்டியும் ஒரு வெளி இடுபொருள்தான்

யூரியா மூட்டை வாங்குவதை நிறுத்தி எனக்குப் பதினோரு வருசம் ஆகுது. பூச்சிமருந்துக் கடை வாசலை மிதித்தும் அவ்வளவு காலம் ஆச்சு. விதை சொந்த விதை. உரத்துக்குச் சொந்த மாட்டுச் சாணி. பூச்சிவிரட்டிக்கு வேலியோரத்து நொச்சியும் ஆடாதொடையும். நிலத்தைப் பார்க்க வருகிறவர்களிடம் 'வெளியிலிருந்து எதையும் வாங்காத பண்ணை இது' என்று பெருமையாகச் சொல்வேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில் மாதா மாதம் 12,640 ரூபாய் வண்டித் தவணை கட்டிக்கொண்டிருந்தேன்.

நம் கூட்டங்களில் வெளி இடுபொருள் என்றதும் உரம், மருந்து, விதை என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறோம். நாலாவது ஒன்று இருக்கிறது. அது நிலத்தில் இறங்குவதில்லை, வரப்புக்கு வெளியே நிற்கும். அதனால் அது நம் கண்ணில் படுவதில்லை. அதுதான் வண்டி. லோடு வண்டி வாங்கலாமா என்று யோசிக்கிற இளம் உழவர்கள், குறிப்பாகப் புறநகர்ப் பக்கம் நிலம் எடுத்து நேரடி விற்பனையில் இறங்கும் நண்பர்கள், வாங்குவதற்கு முன்னால் என் கதையையும் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வண்டி வாங்கிய கதை

நான் பிறந்து வளர்ந்தது மேடவாக்கம். எங்கப்பா காலத்தில் பெரிய ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த ஊர். இன்றைக்கு வேளச்சேரி–தாம்பரம் சாலையில் மேம்பாலம், சோழிங்கநல்லூர் பக்கம் திரும்பினால் மெட்ரோ ரயில் வேலை. நெல் விளைந்த இடத்தில் அடுக்குமாடி. எங்கள் நிலமும் அப்படித்தான் போனது. நான் திருப்போரூர் தாண்டி ஒன்றே முக்கால் ஏக்கர் வாங்கி கீரை, கத்திரி, வெண்டை, கொஞ்சம் தூயமல்லி என்று செய்கிறேன். வீடு இங்கே, நிலம் அங்கே. மாம்பாக்கம் வழியாகப் போக வர 70 கிலோமீட்டர்.

வாரத்தில் புதன், ஞாயிறு இரண்டு நாள் காலையில் மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் குடியிருப்புகளில் விற்பனை. முதலில் வாடகை வண்டிதான், ஒரு டிரிப்புக்கு 1,500 ரூபாய். வாடகை வண்டியில் உள்ள தொல்லை உங்களுக்கே தெரியும். விடிகாலை நாலு மணிக்கு வரச் சொன்னால் ஆறரைக்கு வரும். வெயில் ஏறினால் அரைக்கீரை தலை தொங்கிவிடும். முதல் நாள் அந்த வண்டியில் என்ன ஏற்றினார்கள் என்றும் தெரியாது. ஒருமுறை பாடி முழுக்க யூரியா சிந்திக் கிடந்தது. இயற்கை விளைபொருள் என்று சொல்லி விற்பவன் அதற்கு மேல் எப்படிக் கீரைக்கட்டை அடுக்குவது?

2020 ஊரடங்கில் விற்பனை ஒரேயடியாக ஏறியது. எல்லாரும் வாசலுக்கே காய் கேட்டார்கள். இது இப்படியேதான் இருக்கும் என்று நம்பி 2021 தொடக்கத்தில் புது லோடு வண்டி எடுத்தேன். எல்லாச் செலவும் சேர்த்து 6 லட்சம். கையிலிருந்து 1,20,000 போட்டு, மீதி 4,80,000-க்கு 48 மாதத் தவணை. மொத்தம் கட்ட வேண்டியது 6,06,720. அதில் வட்டி மட்டும் 1,26,720. கையெழுத்துப் போடும்போது அந்தத் தொகையை நான் கூட்டிப் பார்க்கவில்லை. மாதத் தொகை சின்னதாகத் தெரிந்தது. ஊரில், 'இன்னாப்பா, வண்டி எடுத்துட்டியாமே' என்று கேட்டதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை மறைப்பானேன்.

ஒரு டிரிப்புக்கு உண்மையில் எவ்வளவு

மாதம் எட்டு டிரிப். தவணையை எட்டால் வகுத்தால் ஒரு டிரிப்புக்கு 1,580. இன்சூரன்ஸ் பங்கு 275. டீசல் 420. ஆயில், டயர் தேய்மானத்துக்கு 125. மொத்தம் 2,400 ரூபாய். ஓட்டியது நானே, அந்தக் கூலியை எழுதவில்லை. 1,500 ரூபாய் வாடகை அதிகம் என்று சொல்லி, 2,400 ரூபாய் செலவில் 'சொந்த வண்டி' ஓட்டினேன். அந்த டிரிப்பில் நான் விற்றதோ 4,500 முதல் 5,000 வரை. பாதிப் பணம் வண்டிக்கே போனது.

நிலத்தில் விளைகிறதோ இல்லையோ, தவணை தேதி தவறாமல் வரும். அந்த வருசம் நவம்பர் மழையில் கீரைப் பாத்திகள் மூன்று வாரம் தண்ணீரில் நின்றன. ஏற்ற ஒன்றும் இல்லை. வண்டி வாசலில் சும்மா நின்றது, தவணை மட்டும் நிற்கவில்லை. வாடகை வண்டியாக இருந்திருந்தால் அந்த மாதம் எனக்கு வண்டிச் செலவு பூஜ்யம். மழையில் நமக்கு வருமானம் நிற்கும்போது செலவும் நின்றால்தான் சின்ன உழவன் தப்பிப்பான். ரசாயன விவசாயத்தை நாம் விட்டதே அந்தக் காரணத்துக்காகத்தானே.

தவணைக்காக முதலில் ஒரு மாட்டை விற்றேன். ஆறு மாதம் கழித்து இன்னொன்று. இரண்டாவது மாட்டை அவிழ்க்கும்போது வீட்டுக்காரம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: 'மாட்டை வித்து டியூ கட்டுறீங்க. சாணிக்கு எங்க போவீங்க?' பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பட்டத்துக்குத் தொழுவுரம் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். அதை ஏற்றி வந்ததும் அதே வண்டிதான்.

ரப்பிஷ் ஏற்றிய நாள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

தவணைக்குப் பணம் போதாதபோது எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். விற்பனை இல்லாத நாட்களில் வண்டியை வாடகைக்கு ஓட்டினேன். மேடவாக்கத்தில் லோடு வண்டிக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. வீடு மாற்றுகிறவர்கள், ஹார்டுவேர் கடை, சிமென்ட், எம்-சாண்ட். வாரத்தில் இரண்டு நாள் என்று ஆரம்பித்தது நாலு நாள் ஆனது. களை எடுக்க வேண்டிய நாளில் நான் டைல்ஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பட்டம் கத்திரி காய்ப்புழுவுக்கே போனது. விரட்டிக் கரைசல் அடிக்க நிலத்தில் ஆள் இல்லை.

ஒருநாள் பழைய வீடு இடித்த ரப்பிஷ் ஏற்றச் சொன்னார்கள். எங்கே கொட்டணும் என்று கேட்டேன். 'முன்னாடி போற வண்டி பின்னாடியே போண்ணா' என்றார்கள். போனேன். அது ஓர் ஏரிக்கரை. தண்ணீர் ஓரம் வரைக்கும் உடைந்த செங்கல்லும் கான்கிரீட்டும். முக்குளிப்பான் இரண்டு சற்றுத் தள்ளி நீந்திக்கொண்டிருந்தன. நானும் கொட்டிவிட்டு வந்தேன்.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டபோது அதை வாடிக்கையாளர் குழுவில் மகிழ்ச்சியாகப் பகிர்ந்தவன் நான். ஏரியும் சதுப்பும் இருந்தால்தான் நிலத்தடி நீர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பேசியவன். என் நிலத்தில் ஒரு பிடி ரசாயனம் போடாதவன், ஊர் ஏரியில் ஒரு வண்டி இடிபாடு கொட்டினேன். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. அஞ்சாம் தேதி தவணை இருந்தது, அவ்வளவுதான்.

கடன் வண்டிக்கு எப்போதும் வேலை தேடிக்கொண்டே இருக்க வேண்டும். தேடித் தேடி உழவன் டிரைவர் ஆகிவிடுகிறான், நிலம் அவனுக்குப் பகுதிநேர வேலை ஆகிவிடுகிறது. அடுத்த மாதமே வண்டியை விற்க முடிவெடுத்தேன். 27 தவணை கட்டியிருந்தேன், 3,41,280 ரூபாய். முன்பணத்தோடு சேர்த்தால் 4,61,280. விற்று மீதிக் கடனை அடைத்தபின் கைக்கு வந்தது 1,24,000. டீசலையும் ரிப்பேரையும் விட்டுவிட்டுப் பார்த்தாலும் 27 மாதத்துக்கு அந்த வண்டி தின்றது 3,37,280 ரூபாய். அத்தனை வருசம் உரக்கடையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போனது.

அப்படியென்றால் வண்டியே வேண்டாமா?

வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. நம் பொருளை நாமே எடுத்துப்போய் விற்கும்வரை விலை நம் கையில் இல்லை. மாட்டுவண்டியைப் பற்றி எவ்வளவு ஆசையாகப் பேசினாலும் அதை மேடவாக்கம் கூட்டுரோட்டில் ஓட்ட முடியாது. எந்த வண்டி, யாருடைய வண்டி, எந்தப் பணத்தில் வாங்கிய வண்டி என்பதுதான் கேள்வி.

அரை ஏக்கர், முக்கால் ஏக்கர்காரர்களுக்கு லோடு வண்டியே தேவையில்லை. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-யும் அதன் பிள்ளையான எக்ஸ்.எல். வண்டியும்தான் தமிழ்நாட்டு உழவனின் உண்மையான சரக்கு வண்டி. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு கூடை, பக்கவாட்டில் பால் கேன். இருக்கையைக் கழற்றினால் இன்னொரு கூடை. கிளட்ச் இல்லை, கியர் இல்லை. ஊரில் எந்தப் பையனும் ரிப்பேர் பார்ப்பான். என் பக்கத்து நிலத்து அண்ணன் எக்ஸ்.எல். வண்டியிலேயே கீரை கொண்டுபோய் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார். வண்டி எடுத்தியாமே என்று என்னைக் கேட்டவர்கள் அவரைக் கேட்டதில்லை.

அதற்கு மேல் சரக்கு இருப்பவர்களுக்குத்தான் குட்டி யானை வகை. 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது மூன்று சக்கர வண்டிக்கும் பெரிய லாரிக்கும் நடுவே இருந்த இடத்தை அது பிடித்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், முக்கால் டன் சரக்கு. அதன்பின் மற்ற கம்பெனிகளும் அந்த அளவில் வண்டி இறக்கின. பழைய வண்டி நிறைய கிடைக்கிறது, உதிரிபாகம் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. சின்ன உழவனுக்கு ஏற்ற வண்டிதான். அதைத் தனி ஆளாக, புதிதாக, கடனில் எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஐந்து பேர், ஒரு வண்டி

நம்மில் பலர் பி.ஜி.எஸ். என்ற பங்கேற்பாளர் உத்தரவாதச் சான்று முறையில் இருக்கிறோம். அதற்கு உள்ளூர்க் குழுவில் குறைந்தது ஐந்து உழவர்கள் வேண்டும். ஒருவர் நிலத்தை மற்றவர் போய்ப் பார்க்கிறோம், 'இவர் ரசாயனம் போடவில்லை' என்று கையெழுத்துப் போடுகிறோம். ஒருவரை ஒருவர் அந்த அளவுக்கு நம்புகிற ஐந்து பேர் ஒரு வண்டியை மட்டும் ஏன் சேர்ந்து வைத்திருக்கக் கூடாது?

2023 செப்டம்பரில் அதைத்தான் செய்தோம். 2013 மாடல் வண்டி, விலை 1,60,000. பேட்டரி, இரண்டு டயர், கிளட்ச் பிளேட், பின்பக்கப் பட்டா வேலைக்கு 38,000. மொத்தம் 1,98,000. ஆளுக்கு 39,600, கடன் இல்லை. ஒருவர் மட்டும் இரண்டு மாதம் கழித்துத் தந்தார், அதற்கு வட்டி இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வருசத்துக்கு ஏறக்குறைய 18,000, எஃப்.சி. வேலைக்கு 12,000, ரிப்பேர், ஆயில், டயருக்கு 24,000. ஆக 54,000. வருசத்தில் 96 டிரிப்புக்கு வகுத்தால் ஒரு டிரிப்புக்கு 562 ரூபாய் 50 காசு. வாங்கின விலை ஐந்து வருசத்தில் முழுசாகப் போய்விடும் என்று வைத்துக்கொண்டால் அதற்கு 412 ரூபாய் 50 காசு. ஐந்து நிலத்தையும் சுற்றி வர 80 கிலோமீட்டர், டீசல் 460. அன்றைக்கு ஓட்டுகிறவருக்கு 300. கூட்டினால் 1,735. ஐந்து பேருக்கு ஆளுக்கு 347 ரூபாய். தனியாக 2,400 செலவழித்தவன் நான்.

டீசலும் ஓட்டுகிறவர் பங்கும் போக ஒவ்வொரு டிரிப்பிலும் மீதிப் பணம் பொதுக் கணக்கில் சேருகிறது. அதன் பயன் அந்த டிசம்பரிலேயே தெரிந்தது. மிக்ஜாம் புயலில் மேடவாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் தண்ணீர். எங்கள் வண்டியிலும் இருக்கை வரை ஏறியது. தண்ணீர் வடிந்ததும் நாங்கள் சாவியைத் திருப்பவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக் வரும்வரை நான்கு நாள் தள்ளியே வைத்திருந்தோம். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஃபில்டர், டீசல் டேங்க் சுத்தம், வீல் பேரிங் கிரீஸ் எல்லாம் சேர்த்து 14,000 ஆனது. பொதுக் கணக்கில் அவ்வளவு சேரவில்லை, ஆளுக்கு 2,800 போட்டோம். யாரும் மாடு விற்கவில்லை.

சண்டை வராதா என்று கேட்பீர்கள். வரும். வந்தது. யார் இடித்தது, யார் கழுவாமல் விட்டது, முகூர்த்த நாளில் யாருக்கு வண்டி. அதற்காகத்தான் வண்டிக்குள் ஒரு நோட்டு. எடுக்கும்போதும் விடும்போதும் கிலோமீட்டர், டீசல், என்ன ஏற்றியது, என்ன சத்தம் கேட்டது என்று எழுத வேண்டும். இடித்தவர் செலவில் பாதி அவருடையது, மீதி பொதுக் கணக்கில். ரப்பிஷ், சிமென்ட், ரசாயன உரம் ஏற்றக்கூடாது. வெளி ஆளுக்கு வாடகைக்கு விடக்கூடாது. இதை முத்திரைத்தாளில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்திட்டிருக்கிறோம். ஆர்.சி. புத்தகம் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது. விபத்து என்றால் முதலில் கேள்வி அவரிடம்தான் வரும், அதனால் அவருக்கு இந்தப் பத்திரம் பாதுகாப்பு. பதிவு பெற்ற உழவர் உற்பத்தியாளர் அமைப்பு இருந்தால் அதன் பெயரிலேயே எடுப்பது இன்னும் நல்லது.

பழைய வண்டி பார்க்கும்போது

காலையில், இன்ஜின் சூடாகும் முன் போங்கள். 'ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கேன் வாங்க' என்று சொன்னால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் உடனே பிடிக்கிறதா என்பதுதான் முதல் சோதனை. புகை தொடர்ந்து நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அந்த வண்டி வேண்டாம்.

அடியில் படுத்துப் பாருங்கள். நம் பக்கம் கடல் காற்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடிய வண்டி என்றால் சேசிஸ் துருவைத் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3419 என்றால் 2019-ஆம் வருசம் 34-ஆம் வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம்.

பேப்பர் வேலையை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி, பாக்கி அபராதம், பழைய கடன் ரத்தாகிவிட்டதா என்பதையெல்லாம் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருசத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குப் பின் வருசா வருசம். 15 வயதைத் தாண்டினால் கட்டணம் பல மடங்கு கூடும். எங்கள் வண்டிக்கு 2028-இல் 15 ஆகிறது, அதற்குள் அதை விட்டுவிட வேண்டும் என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறோம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே போதும். 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை அதை வைத்து ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நம் வேலைக்கான பராமரிப்பு

மெக்கானிக் சொல்வதெல்லாம் பொதுவானது. நம் வேலையில் மூன்று விசயம் தனி.

முதலாவது கோமியம். அமிர்தக்கரைசல், பஞ்சகவ்யம், ஈரச் சாணி எல்லாம் மண்ணுக்கு அமிர்தம், இரும்புக்கு விஷம். கோமியத்தில் உள்ள உப்பும் அம்மோனியாவும் பாடித் தகட்டைப் பொத்தல் போட்டுவிடும். அடியில் ரப்பர் மேட் போடுங்கள், டிரம்மை மூடிக் கட்டுங்கள். இறக்கிய அன்றே கழுவிக் காயவிடுங்கள். வாரம் ஒருமுறை கழுவலாம் என்பவரின் வண்டி இரண்டு மழைக்காலம் தாங்காது.

இரண்டாவது தண்ணீர். திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கம் பல போர்களில் உப்புத் தண்ணீர். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து இன்ஜின் சூடேறும். கூலன்ட் கலவைதான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு மழைநீரை ஒரு கேனில் வைத்திருக்கிறோம்.

மூன்றாவது எடை. ஏழடி நீளம், ஏறக்குறைய ஐந்தடி அகலம், ஓரடி உயரம் உள்ள பாடி 35 கன அடி, அதாவது ஒரு கன மீட்டர். ஈரத் தொழுவுரத்தை விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினாலே 600, 700 கிலோ வந்துவிடும். கோபுரமாகக் குவித்தால் அளவு தாண்டிவிட்டது. செம்மண் என்றால் பாதிப் பாடியே போதும். பட்டா உடைவதும் டயர் வெடிப்பதும் பெரும்பாலும் இந்தக் குவியலில்தான். இரண்டு நடையாகப் போகிற டீசலைவிட ஒரு பட்டா செட் விலை அதிகம்.

மற்றபடி ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது, டயர் காற்று, ஆயில் அளவு, பட்டா பின்னுக்குக் கிரீஸ், பிரேக் ஆயில் எல்லாம் அரை மணி நேர வேலை. மாதத்தில் முதல் திங்கட்கிழமை ஐந்து பேரும் சேர்ந்து செய்கிறோம். மாட்டைக் குளிப்பாட்டினால்தானே உண்ணி எங்கே இருக்கிறது என்று தெரியும். வண்டியும் அப்படித்தான்.

ஆள் ஏற்றாதீர்கள்

கடைசியாக ஒன்று. கடன் வண்டி ஓட்டிய நாட்களில் கீரை பறிக்க வரும் பெண்களைப் பின்னால் பாடியில் உட்கார வைத்து அழைத்துப் போவேன். எல்லாரும் செய்வதுதான், அவர்களுக்கும் பஸ் காசு மிச்சம் என்று நினைத்தேன். ஒரு மழைநாள் விடியலில் மாடு ஒன்று குறுக்கே வர பிரேக் அடித்தேன். ஒரு பெரியம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்தது. 'பரவால்ல தம்பி, உசுரு இருக்குல்ல' என்றார். மூன்று மாதம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. மருத்துவச் செலவும் கூலியும் நான் கொடுத்தேன். ஆனாலும் அந்தக் கை முழுசாகத் திரும்பவில்லை.

சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ கேபினில் உட்கார்ந்து வரலாம். பின்னால் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம், இன்சூரன்ஸும் கைகொடுக்காது. சட்டத்தை விடுங்கள். நஞ்சில்லாத சாப்பாடு என்று சொல்லி விற்கிறோம். அதைப் பறித்தவர் எலும்பு உடைந்து வீட்டில் கிடந்தால் அதில் என்ன நஞ்சில்லாமை? இப்போது அவர்களுக்குப் பஸ் காசு கொடுக்கிறோம். அதுவும் டிரிப் கணக்கில் வருகிறது.

வண்டி வாங்க நினைக்கிற நண்பர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மூன்று மாதம் வாடகை வண்டியிலேயே ஓட்டி ஒவ்வொரு டிரிப்பையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டு முடிந்ததும் ஷோரூமுக்குப் போகாதீர்கள், உங்கள் குழுக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். விதை வங்கி பேசுகிறோம், பொதுக் கிடங்கு பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் வண்டியையும் ஒரு பொருளாக வையுங்கள்.

போன தையில் எங்கள் வீட்டுக்கு மறுபடியும் ஒரு மாடு வந்திருக்கிறது. சினை மாடு. பொது வண்டியில்தான் கொண்டுவந்தோம். இறக்கியதும் பாடியைக் கழுவிவிட்டேன்.